எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்ற பிறகு சி.டி. எதற்கு?

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு 71 வயது. மூன்று வாரங்களுக்கு முன் கிணற்றடியில் வழுக்கி விழுந்து பின்தலையில் அடி. அன்றே மண்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பு முறிவு இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது இரண்டு நாளாக நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது. பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போய் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார் மருத்துவர். “சி.டி.யும் எக்ஸ்ரேதான் என்கிறார்கள். ஒருமுறை எடுத்து ஒன்றுமில்லை என்றான பிறகு அதையே திரும்ப எடுத்து என்ன தெரியப் போகிறது? கதிர்வீச்சு வேறு அதிகமாம். அந்த எந்திரம் உள்ளே என்னதான் செய்கிறது?” என்பது அவருடைய கேள்வி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இன்றே எடுங்கள், நாளை வரை பொறுக்க வேண்டாம். வயதானவர் கீழே விழுந்து, இரண்டு மூன்று வாரம் கழித்து நடையும் பேச்சும் மாறுகிறது என்றால் மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே மெல்லக் கசிந்து சேர்ந்த இரத்தமாக இருக்கலாம். இருக்கிறதா இல்லையா என்பதைச் சில நொடிகளில் காட்டக்கூடிய கருவி சி.டி. அப்பாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள். மற்றதைப் போகும் வழியில் படித்துக்கொள்ளலாம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரேடியோகிராஃபராக வேலை பார்த்தவன் நான். இந்தக் கேள்வியை ஸ்கேன் அறையின் வாசலில் எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நின்ற நிலையில் ஒரு நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இதற்கு இல்லை. இப்போது உட்கார்ந்து சொல்ல நேரம் கிடைத்திருக்கிறது.

பங்குனி, சித்திரையில் நம் சாலையோர வேப்பமர நிழலில் நுங்கு விற்பவரைப் பார்த்திருப்பீர்கள். பனங்காயைக் கையில் எடுத்து அரிவாளால் தலைப்பக்கம் ஒரு சீவு சீவுவார். மூன்று கண்கள் தெரியும். சீவுவதற்கு முன் அந்தக் காயைப் பக்கவாட்டில் வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்து, அதன் தோலும் நாரும் கண்ணாடியாக மாறிவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கண்களின் நிழலும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். முன்னால் இருப்பது எது, பின்னால் இருப்பது எது, இரண்டா மூன்றா, ஒன்று முற்றிப்போயிருக்கிறதா என்று அந்த ஒற்றை நிழலை வைத்துச் சொல்ல முடியாது. உங்கள் அப்பாவுக்கு எடுத்த எக்ஸ்ரே இப்படிப்பட்ட ஒற்றை நிழல். முன்மண்டை எலும்பு, மூளை, பின்மண்டை எலும்பு மூன்றும் ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்று பதிந்திருக்கும். எலும்பின் நிழல் அடர்த்தி. அதற்குள் மூளையும் இரத்தமும் நீரும் ஒரே மங்கலாகக் கரைந்துவிடும். முறிவு இல்லை என்று அந்தப் படம் சொன்னது எலும்பைப் பற்றி. மூளையைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது.

சி.டி. செய்வது நுங்குக்காரரின் சீவலை அரிவாள் இல்லாமல் செய்வது. காயைத் தொடாமல், அதைச் சுற்றி எல்லாப் பக்கத்திலிருந்தும் நிழல்களை எடுத்து, அந்த நிழல்களிலிருந்து சீவிய முகத்தைக் கணக்குப் போட்டு வரைவது. ‘கணக்குப் போட்டு’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். சி.டி. படத்தை எந்தக் கேமராவும் எடுக்கவில்லை. அதில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒரு கணக்கின் விடை.

அந்தக் கணக்கை வீட்டுப் பல்லாங்குழியில் செய்து பார்க்கலாம். பலகையின் ஓரத்தில் மேல் வரிசையில் இரண்டு குழி, கீழ் வரிசையில் இரண்டு குழி, மொத்தம் நான்கு குழிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் அவற்றில் புளியங்கொட்டைகளைப் போட்டு ஒரு துணியால் மூடிவிடுகிறேன். குழி ஒவ்வொன்றிலும் எத்தனை என்று சொல்ல மாட்டேன், கூட்டுத்தொகைகளை மட்டும் சொல்வேன். மேல் வரிசையில் 5, கீழ் வரிசையில் 9. இது பக்கவாட்டிலிருந்து பார்த்த நிழல். இப்போது மேலிருந்து கீழாக: இடப்பக்க இரண்டு குழிகளில் 7, வலப்பக்க இரண்டிலும் 7. இது இன்னொரு கோணத்து நிழல். கண்டுபிடித்துவிட்டீர்களா? மேலே 1, 4, கீழே 6, 3 என்றாலும் பொருந்தும். மேலே 2, 3, கீழே 5, 4 என்றாலும் பொருந்தும். ஆக இரண்டு கோணங்கள் போதவில்லை. சாய்வாக ஒரு பார்வை பார்க்கிறேன்: மேல் இடக் குழியும் கீழ் வலக் குழியும் சேர்ந்து 4. உடனே ஒரே விடைதான் மிஞ்சுகிறது. 1, 4, 6, 3. துணியை எடுக்காமலே குழிகளுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

நான்கு குழிக்கு மூன்று கோணம் வேண்டியிருந்தது. இன்றைய ஒரு சி.டி. படத்தில் 512 வரிசை, வரிசைக்கு 512 கட்டம், ஆக 2,62,144 குழிகள். அதற்காகத்தான் எந்திரம் ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் ஏறக்குறைய ஆயிரம் கோணங்களில் நிழல் எடுக்கிறது.

கவனமாகப் படிப்பவர் இங்கே ஒரு கேள்வி கேட்பார். புளியங்கொட்டையைக் கூட்டலாம், எக்ஸ்ரே கதிரை எப்படிக் கூட்டுவது? உடம்பின் ஒவ்வொரு அடுக்கும் கதிரிலிருந்து ஒரு குறிப்பிட்ட அளவை எடுத்துக்கொள்வதில்லை, வந்ததில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. சி.டி.யில் பயன்படும் கதிர்களைச் சுமார் மூன்றரை சென்டிமீட்டர் தண்ணீர் பாதியாக்கிவிடும். அடுத்த மூன்றரை சென்டிமீட்டர், மீதி இருப்பதில் பாதியை எடுக்கும். ஏழு சென்டிமீட்டரில் கால், பதினான்கு சென்டிமீட்டரில் பதினாறில் ஒன்று என்று போகும். இது பெருக்கல் கணக்கு. பள்ளியில் படித்த மடக்கை நினைவிருக்கிறதா? பெருக்கலைக் கூட்டலாக மாற்றுவது அதன் வேலை. மறுபக்கம் வந்து சேர்ந்த கதிரின் அளவுக்கு மடக்கை எடுத்தால், வழியில் இருந்த எல்லாக் கட்டங்களின் தடுப்புத் திறனும் சேர்ந்த கூட்டுத்தொகை கிடைத்துவிடும். அதன் பிறகு அது பல்லாங்குழிக் கணக்குத்தான்.

கணக்கு இவ்வளவு எளிது என்றால் ஏன் இத்தனை காலம் பிடித்தது? ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895 நவம்பர் 8. முதல் நோயாளியின் மூளை சி.டி.யில் தெரிந்தது 1971 அக்டோபர் 1. இடையில் 76 ஆண்டுகள். அந்த 76 ஆண்டுகளில் மூளைக்குள் கட்டியோ கசிவோ இருக்கிறதா என்று பார்க்க மருத்துவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? முதுகுத்தண்டில் ஊசி போட்டு மூளை நீரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் காற்றை ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். நோயாளிக்குப் பொறுக்க முடியாத தலைவலியும் வாந்தியும் வரும். அல்லது கழுத்துத் தமனியில் எக்ஸ்ரேயில் தெரியக்கூடிய மருந்தைச் செலுத்தி இரத்தக் குழாய்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று பார்த்து, கட்டி எங்கே இருக்கும் என்று ஊகித்தார்கள். மூளையை நேரே பார்க்க வழியே இல்லை. உங்கள் அப்பா இன்று மேசையில் படுத்து எழுந்துவிடப் போகிறார். அந்தப் பழைய வேதனையை நினைத்தால் இதன் அருமை புரியும்.

கணிதம் முன்பே தயாராக இருந்தது. எல்லாத் திசைகளிலும் எடுத்த கூட்டுத்தொகைகள் கையில் இருந்தால் உள்ளே இருப்பதை முழுமையாக மீட்டெடுக்கலாம் என்று ஆஸ்திரியக் கணித அறிஞர் யோஹான் ராடோன் 1917இல் நிறுவினார். மருத்துவத்தை நினைத்து அவர் அதை எழுதவில்லை. மருத்துவ உலகமும் அதைக் கவனிக்கவில்லை.

1956இல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் குரூட்ஸ்கூர் மருத்துவமனைக்குப் பகுதி நேரமாக வந்து போன இயற்பியலாளர் ஆலன் கார்மாக், புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை கொடுப்பதைப் பார்த்தார். உடம்புக்குள் எந்த இடம் எவ்வளவு கதிரைத் தடுக்கிறது என்று தெரியாமல் எப்படி அளவு குறிக்கிறார்கள் என்று அவருக்கு உறுத்தியது. ராடோனின் கட்டுரை இருப்பதே தெரியாமல் தாமே கணக்கைப் போட்டார். மரத்தால் சூழப்பட்ட அலுமினிய உருளையைக் கதிரின் வழியில் வைத்துச் சோதித்தார். 1963இலும் 1964இலும் கட்டுரைகள் வெளியிட்டார். அநேகமாக யாரும் கண்டுகொள்ளவில்லை. கட்டுரைப் பிரதி கேட்டு எழுதிய சிலரில் ஒன்று சுவிட்சர்லாந்தின் பனிச்சரிவு ஆய்வு மையம். அந்த மனிதரின் ஏமாற்றத்தை என்னால் உணர முடிகிறது. கணினிக்கு இன்னும் வேகம் வராத காலம் அது என்பதும் ஒரு காரணம்.

அடுத்து வருபவர் என் மனத்துக்கு மிக நெருக்கமானவர். காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு, இங்கிலாந்தில் ஒரு விவசாயப் பண்ணையில் வளர்ந்தவர். பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. இரண்டாம் உலகப் போரில் விமானப் படையில் ரேடார் வேலை பார்த்தார், பிறகு இ.எம்.ஐ. நிறுவனத்தில் கணினிப் பொறியாளரானார். மூடிய ஒரு பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை எல்லாக் கோணங்களிலிருந்தும் அளவெடுத்துக் கண்டுபிடிக்க முடியுமா என்ற யோசனை 1967இல் அவருக்கு வந்தது. கார்மாக்கின் கட்டுரைகளை அவர் அறிந்திருக்கவில்லை.

அவருடைய முதல் சோதனைக் கருவி ஒரு பழைய லேத் எந்திரத்தின் படுக்கை மீது அமைந்தது. கதிருக்கு அமெரிசியம் என்ற கதிரியக்கப் பொருள். அதிலிருந்து வரும் கதிர் மிகக் குறைவு என்பதால் ஒரே ஒரு படத்துக்கு 28,000 அளவுகள் எடுத்து முடிக்க ஒன்பது நாட்கள் ஆயின. அந்த எண்களைக் கணினி மென்று முடிக்க இரண்டரை மணி நேரம். பிறகு எக்ஸ்ரே குழாயைப் பொருத்தியதும் ஒன்பது நாள் ஒன்பது மணி நேரமாகக் குறைந்தது. இறைச்சிக் கூடத்திலிருந்து மாட்டு மூளைகளைத் தாமே வாங்கி வந்து சோதித்தார். ஒன்பது நாள் லேத் அருகில் காத்திருந்த அந்தப் பொறுமையைப் பற்றி நான் என் மாணவர்களிடம் ஒவ்வோர் ஆண்டும் சொல்வேன். இ.எம்.ஐ. இசைத்தட்டும் வெளியிட்ட நிறுவனம் என்பதால், இந்த வேலைக்குப் பீட்டில்ஸ் இசைக்குழுவின் பாடல்களில் வந்த பணம்தான் காரணம் என்று ஒரு பேச்சு பரவலாக உண்டு. அதை நான் ஒப்புக்கொள்வதில்லை. பிரிட்டிஷ் சுகாதாரத் துறையும் பணம் போட்டது, மருத்துவர்களையும் சேர்த்துவிட்டது. அரசாங்கத்தின் பங்கை மறந்துவிட்டுப் பாட்டுக் கதையை மட்டும் சொல்வது சரியல்ல.

முதல் நோயாளியைப் படமெடுத்த அந்த 1971 அக்டோபர் 1. லண்டனின் விம்பிள்டன் பகுதியில் ஆட்கின்சன் மார்லி மருத்துவமனை. ஜேம்ஸ் ஆம்ப்ரோஸ் என்ற கதிரியல் மருத்துவர். முன்மூளையில் கட்டி இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட ஒரு பெண். தலையைச் சுற்றித் தண்ணீர்ப் பை. கதிர் கடக்கும் தூரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. எக்ஸ்ரே குழாய் ஒரு பக்கம், கதிரை அளக்கும் உணர்வி எதிர்ப்பக்கம். இரண்டும் சேர்ந்து நேர்கோட்டில் நகர்ந்து 160 அளவுகள் எடுக்கும், பிறகு ஒரு டிகிரி திரும்பும், மறுபடி 160 அளவுகள். இப்படி 180 டிகிரி. கிடைத்த படத்தில் 80 வரிசை, வரிசைக்கு 80 கட்டம். இன்று பார்த்தால் கோலப்புள்ளி போலத் தோன்றும் கரடுமுரடான படம். ஆனால் கட்டி இருந்த இடம் வட்டமாகக் கறுத்துத் தெளிவாகத் தெரிந்தது. 1979இல் கார்மாக்குக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் சேர்த்து மருத்துவ நோபல் பரிசு. இருவருக்குமே முனைவர் பட்டம் கிடையாது.

இந்த வரலாற்றில் நம் பக்கத்துப் பெயர் ஒன்று இருக்கிறது. நம் கல்லூரிகளில் அதைச் சொல்லாமல் விடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஜி.என். ராமச்சந்திரன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது 1954இல் கொலாஜன் புரதத்தின் முப்புரி அமைப்பைக் கண்டறிந்தவர். அவரும் ஏ.வி. லட்சுமிநாராயணனும் 1971இல் எழுதிய ஒரு கட்டுரை, நிழல்களிலிருந்து உருவத்தை மீட்கும் கணக்கைச் சுருக்கிக் கொடுத்தது.

அவர்கள் செய்தது என்ன என்று சொல்கிறேன். நிழல்களைப் படமாக்க எளிய வழி, ஒவ்வொரு நிழலையும் அது வந்த திசையிலேயே திரும்ப இழுத்துப் பூசுவது. சுண்ணாம்பு மட்டையால் சுவரில் இழுப்பதுபோல ஒவ்வொரு கோணத்திலிருந்தும் ஓர் இழுப்பு. எல்லா இழுப்பும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் சுண்ணாம்பு தடித்திருக்கும், அங்கே பொருள் இருக்கிறது என்று பொருள். ஆனால் ஒரு கெடுதல் உண்டு. பொருள் இல்லாத இடங்களிலும் இழுப்புகள் கடந்து போயிருக்கின்றன. அதனால் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரு மங்கல் படர்ந்துவிடும். மூளைக்குள் உள்ள சிறு வேறுபாடு அந்த மங்கலில் மூழ்கிப்போகும்.

ராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும் சொன்ன வழி இது: பூசுவதற்கு முன்பே ஒவ்வொரு நிழலையும் திருத்திக்கொள். நிழலில் எங்கே மேடு இருக்கிறதோ அதன் இரு பக்கமும் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் கழித்துவிடு. அப்படித் திருத்திய நிழல்களைப் பூசும்போது, ஒரு கோணத்தின் கழித்தலும் இன்னொரு கோணத்தின் மிகுதியும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மங்கல் போய்விடும், பொருள் மட்டும் கூர்மையாக நிற்கும். இதைப் பெரிய உருமாற்றக் கணக்குகள் இல்லாமல், நிழல் வந்த மாத்திரத்தில் ஒவ்வொன்றாகச் செய்துவிடலாம் என்று காட்டினார்கள். பல்லாங்குழியில் எல்லாத் தொகைகளையும் எதிரே வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சரிசெய்ய வேண்டியிருந்ததல்லவா? ஹவுன்ஸ்ஃபீல்டின் முதல் எந்திரமும் ஏறக்குறைய அப்படித்தான் மென்றது. புதிய வழியில் கடைசி நிழல் வந்து சேரும்போது படமும் தயார். பல பத்தாண்டுகள் உலகமெங்கும் சி.டி. எந்திரங்கள் இந்த வழியில்தான் படம் வரைந்தன. இருவர் பெயரையும் சேர்த்து ‘ராம்-லாக்’ வடிகட்டி என்று பாடநூல்களில் இன்றும் இருக்கிறது. அண்மைக் காலத்தில் கணினியின் வலிமை பெருகிவிட்டதால், குறைந்த கதிரில் நல்ல படம் எடுப்பதற்காகத் திரும்பத் திரும்பச் சரிசெய்யும் முறை மீண்டும் வந்திருக்கிறது.

இனி உங்கள் அப்பாவுக்கு நேரடியாக வேண்டிய பகுதி. கணக்கின் விடையாக வரும் எண்ணுக்கு ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரையே வைத்திருக்கிறார்கள். தண்ணீர் 0. காற்று கழித்தல் 1000. கொழுப்பு கழித்தல் 100க்குப் பக்கத்தில். மூளை 25 முதல் 40 வரை. கெட்டியான எலும்பு 1000ஐத் தொடும், தாண்டியும் போகும். புதிதாகக் கசிந்து உறைந்த இரத்தம் 60 முதல் 80 வரை. ஓர் அலகு என்பது தண்ணீரின் தடுப்புத் திறனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அப்படியானால் மூளைக்கும் உறைந்த இரத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் நூற்றில் மூன்று நான்கு பங்குதான். சாதாரண எக்ஸ்ரேயின் எலும்பு நிழலுக்குள் இந்த மூன்று நான்கு பங்கு எங்கே தெரியும்? சி.டி.யில் அது வெள்ளையாகப் பளிச்சென்று நிற்கும். இரத்தத்தில் இரும்பு இருப்பதால்தான் வெள்ளையாகத் தெரிகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இரும்பின் பங்கு மிகச் சிறிது. உறையும்போது நீர் பிரிந்து புரதம் நெருங்கிவிடுவதுதான் காரணம்.

அந்தப் புரதம் நாளாக ஆகக் கரையும். எண்ணும் இறங்கிக்கொண்டே வரும். முதல் சில நாட்களில் வெள்ளை. ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் அது மூளையின் எண்ணுக்குச் சமமாகிவிடும் ஒரு கட்டம் வரும். பிறகு மூளையைவிடக் கறுத்துவிடும். உங்கள் அப்பா விழுந்து மூன்று வாரம் என்கிறீர்கள். அந்தச் சமமான கட்டத்தில் படம் எடுத்தால், கசிவின் விளிம்பு கண்ணுக்கே தெரியாமல் போகலாம். அனுபவமுள்ள கதிரியல் மருத்துவர் அப்போது இரத்தத்தைத் தேட மாட்டார். மூளையின் நடுக்கோடு ஒரு பக்கம் தள்ளப்பட்டிருக்கிறதா, மூளை மடிப்புகளுக்கு இடையேயுள்ள பள்ளங்கள் ஒரு பக்கம் மட்டும் நசுங்கி மறைந்திருக்கின்றனவா என்று பார்ப்பார். இரண்டு பக்கமும் கசிந்திருந்தால் நடுக்கோடு நகராது, இன்னும் கவனம் வேண்டும். ஆகவே விழுந்த தேதியை ஸ்கேன் எடுக்கும் இடத்தில் தவறாமல் சொல்லுங்கள். இரத்தம் உறையாமலிருக்க அப்பா மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதையும் சொல்லுங்கள். “தலைச்சுற்றல்” என்று மட்டும் சீட்டில் எழுதி அனுப்பிய நோயாளிகளுக்கு எத்தனையோ முறை நான் வாசலுக்கு வந்து கேட்டுத்தான் விழுந்த கதையைத் தெரிந்துகொண்டிருக்கிறேன். கசிவு இருந்தால், மண்டையில் சிறு துளையிட்டு அதை வடித்துவிடும் அறுவை சிகிச்சை உண்டு. அதன் பிறகு எழுந்து நடந்து வீட்டுக்குப் போன பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கைக்கு வரும் ஃபிலிமைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். கழித்தல் 1000 முதல் பல ஆயிரம் வரை எண்கள் இருக்கின்றன, நம் கண்ணுக்கு அவ்வளவு சாம்பல் நிறங்களைப் பிரித்தறியத் தெரியாது. அதனால் ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்து விரித்துக் காட்டுவார்கள். மூளைக்கு 0 முதல் 80 வரை. அதற்குக் கீழே எல்லாம் கறுப்பு, மேலே எல்லாம் வெள்ளை. இந்த ஏற்பாட்டில் எலும்பை ஒட்டிய மெல்லிய கசிவும் எலும்போடு சேர்ந்து வெள்ளையாகிவிடும். அகலமான இன்னொரு ஏற்பாட்டில் பார்த்தால் பிரிந்து தெரியும். இரண்டுக்கும் எண்கள் ஒன்றே, மறுபடி கதிர் தேவையில்லை. ஃபிலிமில் இருப்பது அந்த எண்களின் ஓரிரு முகங்கள் மட்டும். எல்லா எண்களும் குறுந்தகட்டில் இருக்கும். கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பெரிய மருத்துவமனைக்கு மாற்றும்போது தகடு இல்லாததால் மறுபடி ஸ்கேன் எடுக்க நேர்ந்தவர்கள் உண்டு.

காது, கழுத்து நகைகளைக் கழற்றச் சொல்வார்கள். ஏன் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. கடையம் பக்கத்திலிருந்து ஓர் ஆச்சியைத் தலைக்காயத்தோடு கொண்டுவந்தார்கள். தோள் வரை தொங்கும் காதில் பாம்படம். அறுபது ஆண்டுகளாகக் கழற்றியதில்லை என்றார். மகள்கள் கெஞ்சினார்கள், ஆச்சி அசையவில்லை. அவசரம் என்பதால் அப்படியே எடுத்தோம். காதுமட்டத்துப் படங்களில் இரண்டு பக்கமும் சூரியன் உதித்ததுபோல வெள்ளைக் கதிர்கள் விரிந்து, நடுவே மூளை முழுவதையும் கோடுகள் அறுத்துவிட்டன. தங்கம் தன் மீது விழும் கதிரை ஏறக்குறைய முழுவதும் விழுங்கிவிடும். அந்த வழியில் கூட்டுத்தொகையே வராது. விடுபட்ட தொகையை வைத்துக் கணக்குப் போட்டால் பிழை அந்தக் கோடு நெடுகிலும் பரவும். பல்லாங்குழியில் ஒரு வரிசையின் தொகையைத் தப்பாகச் சொன்னால் இரண்டு குழியும் கெடுவதுபோல. திரையை ஆச்சிக்குக் காட்டினேன். “இது உங்கள் பாம்படம், இதற்குப் பின்னால் உங்கள் மூளை மறைந்திருக்கிறது ஆச்சி” என்றேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, “எண்ணெய் கொண்டு வா” என்று மூத்த மகளிடம் சொன்னார். கால்மணி நேரம் எண்ணெய் தடவித் திருகிக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டார்கள். காதுமட்டத்தை மட்டும் மறுபடி எடுத்தோம். பின்மூளையில் ஒரு சிறு கசிவு அங்கேதான் இருந்தது.

உலோகம் இல்லாவிட்டாலும் பின்மூளைப் பகுதி சி.டி.க்குச் சற்றுச் சிரமமானதுதான். காதின் உட்புற எலும்புகள் இரண்டும் மிகக் கெட்டியானவை. வலுவில்லாத கதிர்களை அவை முதலில் தின்றுவிட, வலுவானவை மட்டும் மிஞ்சி அடுத்து வருவதை எளிதாகக் கடந்துவிடுகின்றன. அதனால் இரண்டு எலும்புகளுக்கும் நடுவே பொய்யான ஒரு கறுப்புப் பட்டை விழும். அந்த இடத்துப் பக்கவாதத்தை உறுதிப்படுத்த எம்.ஆர்.ஐ. கேட்பது இதனால்தான்.

எந்திரத்தின் பிற்கால வளர்ச்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் தலைக்கு மட்டும். 1974இல் அமெரிக்காவில் ராபர்ட் லெட்லி உடம்பு முழுவதற்குமான கருவியைக் கொண்டுவந்தார். அப்போதெல்லாம் மின்கம்பிகள் சுற்றிக்கொள்ளும் என்பதால் ஒரு சுற்று முடிந்ததும் திரும்பச் சுற்றி வர வேண்டும். உரசியபடியே மின்சாரம் கொடுக்கும் வளையம் வந்த பிறகு குழாய் நிற்காமல் சுற்ற முடிந்தது. மேசையும் கூடவே நகர்ந்தால், பம்பரத்தில் கயிறு சுற்றுவதுபோலக் கதிர் உடம்பைச் சுற்றி இறங்கும். 1989இல் வந்தது இந்தச் சுருள் முறை. 1998இல் ஒரே சுற்றில் நான்கு அடுக்குகள், 2004இல் 64. நம் ஊர் விளம்பரப் பலகைகளில் 16, 32, 128 என்று போட்டிருப்பது இந்த அடுக்குகளின் எண்ணிக்கை. துடிக்கும் இதயத்தின் இரத்தக் குழாயைப் பார்க்க 64 அல்லது அதற்கு மேல் வேண்டும். தலையில் கசிவு பார்க்க 16 தாராளம். பெரிய எண் உள்ள இடத்தைத் தேடி அலைந்து நேரத்தை இழக்காதீர்கள், பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே போங்கள்.

இனி கதிர்வீச்சு. கூடங்குளம் இருக்கிற மாவட்டத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் மனம் கலங்குவது இயல்பு. அந்தக் கலக்கத்தை நான் லேசாக நினைப்பதில்லை. ஆனால் சி.டி. எந்திரத்தில் கதிரியக்கப் பொருள் எதுவும் இல்லை. மின்சாரத்தால் எலக்ட்ரான்களை விரட்டி டங்ஸ்டன் தகட்டில் மோதவிட்டுக் கதிரை உண்டாக்குகிறார்கள். அந்த மோதலின் ஆற்றலில் நூற்றில் ஒரு பங்குகூடக் கதிராவதில்லை, மற்றதெல்லாம் வெப்பம். ஸ்கேன் அறையைக் குளிரவைத்திருப்பதற்கு எந்திரத்தின் இந்த வெப்பமும் ஒரு காரணம். பொத்தானை விட்டதும் கதிர் நின்றுவிடும். விளக்கை அணைத்த அறையில் வெளிச்சம் மிஞ்சாததுபோல உடம்பில் எதுவும் தங்காது. அப்பாவின் பக்கத்தில் பேரப்பிள்ளைகள் படுத்துக்கொள்ளலாம்.

உடம்பு ஏற்கும் கதிரை மில்லிசீவர்ட் என்ற அலகில் அளப்பார்கள். தலை சி.டி.க்குச் சுமார் 2 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் வானத்திலிருந்தும் உலகில் ஒரு மனிதருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் இயற்கையாகவே வந்து சேர்கிறது. மணவாளக்குறிச்சிக் கடற்கரை போன்ற இடங்களில் மணலில் தோரியம் இருப்பதால் இன்னும் அதிகம். ஆக, அப்பாவுக்கு இன்று கிடைக்கப் போவது ஏறக்குறைய ஓர் ஆண்டின் இயற்கைக் கதிர். நெஞ்சு எக்ஸ்ரேயில் 0.1க்கும் குறைவு, வயிற்று சி.டி.யில் 8, 10 வரை போகும். 71 வயதில், மூளைக்குள் கசிவு இருக்கலாம் என்ற சந்தேகத்தில், 2 மில்லிசீவர்ட்டை எடைபோட்டுத் தயங்குவது சரியல்ல.

இதே கணக்கு எட்டு வயதுக் குழந்தைக்குப் பொருந்தாது. வளரும் செல்கள் கதிருக்கு மென்மையானவை, வாழ வேண்டிய ஆண்டுகளும் அதிகம். சாதாரணத் தலைவலிக்கு வீட்டார் வற்புறுத்தினார்கள் என்று குழந்தைக்கு மூன்று முறை சி.டி. எடுத்த ஒரு தனியார் மையத்தைப் பார்த்திருக்கிறேன். மூன்று ஃபிலிமையும் அந்தத் தாய் என் மேசையில் வைத்தபோது கோபம் அடங்கவில்லை. எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்று தெரிந்து எடுக்கும் சி.டி.யில் பயமில்லை. கேள்வியே இல்லாமல் எடுப்பதைத்தான் தடுக்க வேண்டும். கருவுற்றிருக்கலாம் என்று ஐயமுள்ள பெண்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

அப்பாவுக்கு முதலில் எடுப்பது மருந்து செலுத்தாத சாதாரணத் தலை சி.டி.யாகத்தான் இருக்கும். அதற்கு வெறும் வயிறு தேவையில்லை. ஆனால் அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோக நேரலாம் என்பதால் வழியில் எதுவும் சாப்பிடக் கொடுக்காதீர்கள். இரத்தக் குழாய்களைத் தெளிவாகக் காட்டும் அயோடின் மருந்து போட வேண்டும் என்றால் சிறுநீரக இரத்தப் பரிசோதனை கேட்பார்கள், முன்பு ஒவ்வாமை ஏதும் இருந்ததா என்று கேட்பார்கள், உள்ளதைச் சொல்லுங்கள். பழைய எக்ஸ்ரேயையும் மாத்திரைச் சீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டு பல்செட் இருந்தால் கழற்றிவிடலாம். ஒரு போர்வை இருக்கட்டும், வெயிலிலிருந்து உள்ளே போகும் பெரியவர்களுக்கு அந்தக் குளிர் நடுக்கத்தைக் கொடுக்கும், தலை நடுங்கினால் நிழல்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் படம் கலங்கிவிடும். உள்ளே வளையம் சுற்றும்போது ஓர் இரைச்சல் கேட்கும் என்று முன்பே சொல்லிவையுங்கள். அறைக்கு வெளியிலிருந்து, கண்ணாடி வழியாக, அவர் எழுந்து உட்காரும் வரை நீங்கள் அவரைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம்.